ஹீற்றருக்குப் பின்னால் வெள்ளித்தாள்

6.1.2003, திங்கள்

மூன்று இராசாக்கள் திருநாள். பாலன் குடிலைப் பிரித்துப் பெட்டியில் வைத்தேன். வைக்கோலை உதறும்போது சூசையப்பரின் கை கழன்று விழுந்தது. பசை வைத்து ஒட்டினேன். வெளியில் கடும் குளிர். யன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே பனி பிடித்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் மகன் கொன்ஸ்ரன்ரைன் பிட்டைக் கிளறிக்கொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை. சின்னனில் வாத்தியாரிடம் அடி வாங்கிக்கொண்டு வந்தாலும் இப்படித்தான் சோற்றைக் கிளறுவான். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது.

"அம்மா, கறண்ட் விலை எக்கச்சக்கமாக் கூடிப்போச்சு. ரீவியிலையும் நெடுக அதுதான் கதை. இந்த மாரி முடியுமட்டும் தம்பியிட்டைப் போய் நிண்டால் என்ன? அவன் இருக்கிற வீட்டுக்குக் கொம்பனிதான் சூடு குடுக்குது. அவனுக்கு ஒரு செலவும் இல்லை."

தம்பி என்றால் என் இளையவன் ஜெயரத்தினம். பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் நிற்கிறான். இந்த நாட்டின் மேல் நுனி அது. அதற்கு அங்கால் கடலும் வெள்ளைக் கரடியும்தான்.

"ஒஸ்லோக் குளிருக்குத் தப்ப என்னை அங்கையோ அனுப்பப்போறாய்?" என்று கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நீங்கள் பகல் முழுக்க வீட்டில நிக்கிறபடியால் எல்லா ஹீற்றரும் ஓடுது அம்மா. இல்லாட்டி நாங்கள் வேலைக்குப் போகேக்கை நிப்பாட்டிப்போட்டுப் போகலாம்."

மருமகள் ஞானமலர் துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி றெபேக்கா தலை நிமிரவில்லை. யோசிச்சுச் சொல்லுறன் என்று எழும்பிவிட்டேன்.

ஆக, இந்த வீட்டுச் செலவு நான்.

7.1.2003

மாரி முடியுமட்டும் என்கிறான். போனால் திரும்பக் கூப்பிடமாட்டான். எனக்குத் தெரியும்.

9.1.2003, வியாழன்

ரீவிச் செய்தியில் கறண்ட் விலையைப் பற்றித்தான் காட்டினார்கள். நோர்வே மொழி எனக்கு ஓடாது, படம் பார்த்துத்தான் விளங்குவேன். ஒரு மனிசன் சுவரோடு நிற்கும் ஹீற்றருக்குப் பின்னால் மினுங்குகிற தகடு ஒன்றைச் செருகினான். பிறகு கையை ஹீற்றருக்கு முன்னால் பிடித்துச் சிரித்தான்.

இதற்கு மொழி எதற்கு? சூடு பாதி சுவருக்குப் போகிறது. சுவரைச் சூடாக்கி எங்களுக்கு என்ன லாபம்? மினுக்கத்தாள் பிடித்தால் அது திரும்பி அறைக்குள் வரும். வெயிலில் கண்ணாடி பிடித்து அடுத்தவன் கண்ணைக் கூச வைக்கிற விளையாட்டுத்தான்.

செலவைக் குறைத்துக் காட்டினால் என்னை அனுப்ப என்ன காரணம் சொல்லுவான்? பார்ப்போம்.

11.1.2003, சனி

முதலாவது தகடு முடிந்தது. எழுதி வைக்கிறேன், மறந்துபோகும்.

றெபேக்கா கடைக்குப் பின்னால் கிடந்த வாழைப்பழப் பெட்டிகளைக் கொண்டுவந்தாள். அந்த மட்டை நல்ல தடிப்பு. ஹீற்றருக்கும் சுவருக்கும் இடையில் கை நுழையாது. விளக்குமாற்றுத் தடியை விட்டுத்தான் அளவெடுத்தேன். ஹீற்றரைவிட ஒரு விரற்கடை குறைத்து மட்டையை வெட்ட வேண்டும், அப்போதுதான் வெளியில் தெரியாது. கோதுமைமாவில் பசை காய்ச்சி, சமையல் வெள்ளித்தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டினோம். மேல் விளிம்பில் தடித்த நூல் கோத்து, ஹீற்றரைத் தாங்குகிற கொளுக்கியில் கட்டி இறக்கினேன். மினுங்குகிற பக்கம் ஹீற்றரைப் பார்க்க வேண்டும். ஆனால் அதில் முட்டக்கூடாது.

நானும் பேத்தியும் படுக்கிற அறைக்குத்தான் முதலில் போட்டேன். அவள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அப்பம்மா. நல்லா வெட்டுறீங்கள்."

பதின்மூன்று வயது. வாயைத் திறந்தாலே கொழுப்புத்தான் கதைப்பாள். இன்றைக்குப் புகழுகிறாள்.

மருமகள் வந்து வெள்ளித்தாள் சுருளைத் தூக்கிப் பார்த்தாள். வெறும் மட்டைக் குழாய்தான் மிச்சம். "புதுசு மாமி இது" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழாயைக் குப்பையில் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

14.1.2003

முந்தி ஹீற்றருக்குப் பின்னால் கையை விட்டால் சுவர் சுடும். இன்றைக்குச் சுவர் குளிர்ந்து கிடக்கிறது, அறை சூடு. பலித்துவிட்டது! திருகியை இரண்டு பிடி குறைத்துவிட்டேன்.

தனியாக நின்று சிரித்தேன். நல்லவேளை ஒருவரும் பார்க்கவில்லை.

19.1.2003, ஞாயிறு

நேற்று லோறென்ஸ்கூக்கில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையானவளுக்குக் கொண்டாட்டம். பெரிய மண்டபம், ஊர்ச்சனம் முழுக்க. சாப்பாடு எல்லாம் அலுமினியத் தட்டங்களில் வந்து இறங்கியது. கட்டிலளவு தட்டம், மேலே அதே தாளில் மூடி. சனம் சாப்பிட, நான் அந்த மூடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று ஹீற்றர் மிச்சமிருக்கிறது. புதுச் சுருள் வாங்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வராது.

சாப்பாடு முடிந்து குப்பைப் பைக்குள் திணிக்கத் தொடங்கினார்கள். பொறுக்க முடியவில்லை. குசினிக்குப் போய் மூடிகளையும் நசுங்காத தட்டங்களையும் எடுத்து, சுடுதண்ணீரில் எண்ணெய் போகக் கழுவி, போத்தலால் உருட்டித் தட்டையாக்கினேன். பட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தேன்.

ஒரு பெண், ஆரென்றும் தெரியாது, மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்:

"அன்ரி, மிச்சச் சோறு வேணுமெண்டால் பெட்டியில போட்டுத் தாறன். எச்சில் தட்டத்தை ஏன் பொறுக்கிறியள்?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் தலையைக் குனியவில்லை. "சோறு எங்கட வீட்டிலையும் காய்ச்சுறம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் மருமகள் நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

காரில் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

20.1.2003

மருமகள் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றமுதல் தொடங்கினாள்.

"மாமி, நாங்கள் என்ன பிச்சைக்காரரோ? இண்டைக்கு வேலையில ரெண்டு பேர் கேட்டிட்டினம், வீட்டில ஏதும் கஷ்டமோ எண்டு."

"நான் பிச்சை எடுக்கேல்லை. உங்களுக்குப் பாரமா இருக்கக்கூடாதெண்டுதான்."

"உங்களை ஆர் பாரமெண்டது?"

"உன்ரை புருசன்."

அவள் ஒரு சப்பாத்தோடு அப்படியே வாசல் வாங்கில் இருந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. என்னவோ சொல்ல வந்து விழுங்கினாள். பிறகு எழும்பிப் போய் உலையை வைத்தாள்.

மிச்ச மூன்று தகட்டையும் ஒட்டி முடித்துவிட்டேன். ஆட்டிறைச்சிக் கறி வாசம் இன்னும் இலேசாக அடிக்கிறது.

28.1.2003, செவ்வாய்

இப்போது என் நாள் இப்படிப் போகிறது. காலையில் மூன்று பேரும் வெளிக்கிட்டதும் எல்லா ஹீற்றரையும் பூட்டிவிடுவேன். கொஞ்ச நேரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்து செபமாலை சொல்லுவேன். விரல் விறைத்து மணி உருட்ட முடியாமல் போனதும், கோட்டைப் போட்டுக்கொண்டு குரோருட் கடைத்தொகுதிக்கு நடப்பேன். அங்கே குந்தியிருக்க வாங்கு இருக்கிறது, சூடும் இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள். றெபேக்கா பள்ளிக்கூடத்தால் வர முதல் ஓடிவந்து ஹீற்றரைத் திறந்துவிடுவேன்.

இரண்டு நாளாகக் கடைத்தொகுதிக் காவற்காரன் என்னையே பார்க்கிறான். இன்றைக்குக் கிட்ட வந்து ஏதோ கேட்டான். "ஓல்றைட், ஓல்றைட்" என்று சொல்லிவிட்டு எழும்பி, காரட் வாங்குகிறவள் மாதிரி காரட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

கடல் பார்த்த வீடும், முற்றத்தில் கருவாடு காயப்போட இடமும் வைத்திருந்த மனிசி நான். காரட்டைப் பிடித்து நடிக்கிறேன்.

குளிக்கிறதும் பச்சைத்தண்ணீரில்தான். இருமல் பிடித்துவிட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை. இருமல் வந்தால் மலகூடத்துக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமுகிறேன். பிறகு தண்ணீரும் செலவுதானே என்று நினைவு வந்து பூட்டுகிறேன்.

2.2.2003, ஞாயிறு

மெழுகுதிரித் திருநாள். தமிழ்ப் பூசை. பூசை முடிந்து கீழே கோப்பி குடிக்கும்போது பெண்களெல்லாம் கறண்ட் விலையைப் பற்றியே புலம்பினார்கள். தனிவீடு வாங்கினவர்கள்தான் கூட அழுதார்கள். நான் கோப்பியை வைத்துவிட்டுத் தொடங்கினேன். மட்டை, பசை, நூல், எந்தப் பக்கம் மினுங்க வேண்டும், எல்லாம். ஐந்தாறு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருத்தி, "அனஸ்ரேசியா அன்ரி, இன்னொருக்கால் ஆறுதலாச் சொல்லுங்கோ, எழுதப்போறன்" என்றாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் சொல்ல, ஒரு பெண் எழுதுகிறாள்.

கொன்ஸ்ரன்ரைன் கொஞ்சம் தள்ளி நின்றான். நான் பார்த்ததும் காருக்குப் போய்விட்டான். என் பெருமை அவனுக்கு வெட்கமோ?

5.2.2003, புதன்

கொன்ஸ்ரன்ரைனிடம் நேரே கேட்டேன்.

"தம்பி, கறண்ட் பில் வந்ததெல்லே? குறைஞ்சிருக்கோ?"

யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஓம் அம்மா. கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனால்… காணாது."

"இன்னும் என்ன செய்யவேணும், சொல்லு. செய்யிறன்."

"நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம் அம்மா. தம்பியோடையும் கதைச்சனான். அவனுக்குச் சந்தோசம். ரிக்கற் இப்ப மலிவாக் கிடக்காம்."

காணாதாம். சுவரெல்லாம் குளிர, நான் விறைக்க, பிள்ளை சாக்ஸோடும் தொப்பியோடும் படுக்க, காணாதாம். இன்னும் எதை நிப்பாட்டுவேன்? மூச்சையோ?

மாதாவே. என்னை இந்தப் பிள்ளையிட்டையிருந்து பிரிச்சுப் போடாதை. நான் இஞ்சை வரேக்கை ஆறு வயசு, அண்டு தொடக்கம் என்ரை கையிலதான். வேறையொண்டும் கேக்கேல்லை.

8.2.2003, சனி

இதை எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் கீழ்வீட்டுத் தர்மலிங்கத்திடம் போனேன். இந்தத் தொடர்மாடிக்கு ஒரு வீட்டுச் சங்கம் இருக்கிறது, அதன் கொமிற்றியில் அவரும் ஒருவர். எங்கள் நாலு ஹீற்றர் முடிந்தது, மட்டை மிச்சம், கீழ்வீட்டுக்கும் செய்துகொடுத்தால் என்ன என்று நினைத்தேன். உதவி மட்டுமோ? கெட்டிக்காரி என்று அவர் கொமிற்றியில் போய்ச் சொல்லட்டும், அது கொன்ஸ்ரன்ரைன் காதுக்கு வரட்டும் என்றும் நினைத்தேன்.

கதவு திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. மனிசன் சாரத்தோடும் பெனியனோடும் நிற்கிறார். பின்னால் யன்னல் அகலத் திறந்து கிடக்கிறது, திரைச்சீலை ஆடுகிறது.

"என்ன தர்மலிங்கம் இது! ஹீற்றரையும் போட்டு யன்னலையும் திறந்து வைச்சிருக்கிறியள்? காசு கூடிப்போச்சோ?"

"வாங்கோ அம்மா, இருங்கோ. என்ரை மனிசிக்கு வேர்க்குதாம், அதுதான். கையில என்ன மட்டை?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அம்மா, இந்த ஹீற்றர் கறண்ட்டிலை ஓடுறேல்லை. உள்ளுக்குத் தண்ணி ஓடுற சத்தம் கேக்கேல்லையோ? கீழை பெரிய கொதிகலன் ஒண்டு கிடக்கு, அதிலையிருந்துதான் முழுக் கட்டிடத்துக்கும் சுடுதண்ணி வருது. நாங்கள் மாதாமாதம் சங்கத்துக்குக் கட்டுற காசுக்குள்ளை அதுவும் அடங்கும். பூட்டி வைச்சாலும் அதே காசு, யன்னலைத் திறந்து வைச்சாலும் அதே காசு. குளிக்கிற சுடுதண்ணியும் அப்பிடித்தான். ரீவியில காட்டுறது தனிவீட்டுக்காரருக்கு. லோறென்ஸ்கூக்கிலை வீடு வாங்கினவை இப்ப தலையில கை வைச்சுக்கொண்டு இருக்கினம். உங்களுக்கு இதைக் கொன்ஸ்ரன்ரைன் சொல்லேல்லையோ?"

அந்தக் கடைசிக் கேள்வி.

"சொன்னவன், சொன்னவன்" என்றேன். "எனக்குத் தெரியாதே? இது காசுக்கில்லை. அறை கெதியாச் சூடாகும், அதுக்குத்தான்."

"ஓமோம், அது சரிதான்" என்றார். தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். மட்டையை எடுத்துக்கொண்டு படியேறினேன். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

9.2.2003

பூசைக்குப் போகவில்லை. இருமல் என்றேன்.

அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு மாதமாய்ப் பாத்துக்கொண்டு இருந்திருக்கினம். நான் மட்டை வெட்ட, பசை காய்ச்ச, எச்சில் தட்டம் கழுவ—

கறண்ட் இல்லை. காசு இல்லை. அப்ப என்ன? என்னிலை என்ன? நாறுதோ? கனக்கக் கதைக்கிறனோ? சமையல் பிடிக்கேல்லையோ? என்ன எண்டு சொன்னால் திருத்துவன்தானே! ஹீற்றர் எண்டு சொன்னதாலை ஹீற்றரைத் திருத்தினன்.

பூசையில ஊருக்கே படிப்பிச்சன். கடவுளே.

11.2.2003, செவ்வாய்

இன்றைக்கு ஹீற்றரைப் பூட்டவில்லை. வெளியிலும் போகவில்லை. றெபேக்கா பள்ளிக்கூடத்தால் வந்தபோது அறை நல்ல சூடு. அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். விளங்கிவிட்டது அவளுக்கு.

"உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் அப்பம்மா."

"தெரிஞ்சுகொண்டோ என்னோடை இருந்து மட்டை வெட்டினாய்?"

"அப்பா சொல்லவேண்டாம் எண்டவர்." பிறகு, "நீங்கள் அதைச் செய்யேக்கை கோவிக்காமல் இருந்தனீங்கள்" என்றாள். கட்டிலில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். அழத் தொடங்கிவிட்டாள்.

மெல்ல மெல்ல வந்தது கதை. மார்கழியில் தாயிடம் கேட்டிருக்கிறாள், தனக்குத் தனி அறை வேணும் என்று. மேசை போட இடமில்லையாம், வீட்டுப்பாடத்தைக் குசினியில் செய்கிறாளாம். சிநேகிதிகள் எல்லோருக்கும் அறை இருக்கிறதாம். ஒருத்தி வந்து, இரண்டு கட்டிலையும் மாதா படத்தையும் விக்ஸ் போத்தலையும் பார்த்துவிட்டு, ஆர் இஞ்சை வருத்தக்காரர் என்று கேட்டாளாம்.

"உங்களை அனுப்பச் சொல்லி நான் சொல்லேல்லை அப்பம்மா. அறை வேணும் எண்டுதான் சொன்னனான்."

"அறை வேணுமெண்டால் அதிலை இருக்கிறவள் எங்கை போறது?"

"அதை நான் யோசிக்கேல்லை."

பொய் சொல்லவில்லை அவள். யோசிக்கவில்லைதான். பதின்மூன்று வயதில் ஆர் யோசிக்கிறது? தாயும் தகப்பனும் யோசித்திருக்கிறார்கள். என் முகத்துக்கு நேரே "அம்மா, பிள்ளைக்கு அறை விடுங்கோ" என்று சொன்னால் நான் சாப்பிடாமல் கிடப்பேன், ஊர் முழுக்கச் சொல்லுவேன், அதற்குப் பயந்து சுவரில் நின்ற ஹீற்றரில் பழியைப் போட்டிருக்கிறார்கள். மருமகள் அன்றைக்கு ஒரு சப்பாத்தோடு இருந்து விழுங்கினது இதைத்தான்.

நான் அப்படிச் செய்திருப்பேனா? செய்திருப்பேன்.

ஆனாலும். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

13.2.2003, வியாழன்

இரண்டு நாள் யோசித்தேன். வரவேற்பறையில் படுக்கலாம்தான். ஆனால் கொன்ஸ்ரன்ரைன் விடியப்புறம் பஸ் ஓட்டப் போகிறவன், அவர்கள் ரீவி பார்க்கிறது அங்கே, வருகிற சனம் இருக்கிறது அங்கே. எழும்பி எழும்பி வழிவிடுகிற மனிசியாக இருக்க என்னால் முடியாது. கேட்டு வாங்குகிற இடமும் வேண்டாம்.

இரவு சாப்பிட்டு முடிந்ததும் சொன்னேன்.

"நான் சின்னவனிட்டைப் போறன்."

"அம்மா…"

"பொறு, நான் கதைக்கிறன். அவன் கலியாணமும் இல்லாமல் தனிய நிக்கிறான். தகரத்திலை அடைச்ச மீனைச் சாப்பிட்டுக்கொண்டு, மீன் வெட்டுற இடத்திலை! ஒரு தாய் போய்ப் பாக்கவேண்டாமோ? இது நான் எடுத்த முடிவு. கறண்ட்டுக்கில்லை. ஆரும் கேட்டால் அம்மாதான் பிடிவாதம் பிடிச்சுப் போனவ எண்டு சொல்லு."

மருமகள் கை கழுவாமல் இருந்தாள். எச்சில் விரல் சாப்பாட்டுக் கோப்பைக்குள் அப்படியே காய்ந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் எல்லாம் அறிந்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போகவேண்டாம் அம்மா" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

ஒருக்கால்தான் சொன்னான். இரண்டாந்தரம் சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். கோப்பைகளை அடுக்கினேன், மேசையைத் துடைத்தேன், தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்தேன். துடைக்க வேறொன்றும் இருக்கவில்லை.

20.2.2003, வியாழன்

நாளைக்குப் பயணம். சூட்கேஸ் கட்டியாகிவிட்டது.

மத்தியானம் லோறென்ஸ்கூக்கிலிருந்து ஒரு பெண் ரெலிபோன் எடுத்தாள். பூசைக்குப் பிறகு எழுதிக்கொண்டு போனவளாம். "அன்ரி, நீங்கள் சொன்னமாதிரி எல்லா ஹீற்றருக்கும் செய்தனாங்கள். எங்களுக்கு அடியில கொதிகலனே கறண்ட்டிலைதான். இந்த முறை பில் பாத்து இவர் நம்பேல்லை. இஞ்சை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியும் வந்து பாத்திட்டுப் போறா." நல்லது பிள்ளை என்றேன். வேறென்ன சொல்ல? வேலை பிழையில்லை. வீடுதான் பிழை.

எங்கள் தகடுகளைக் கழற்றிக் குப்பைக்கு அனுப்பினேன். பின்னால் சுவரில் நீள்சதுரமாக ஒரு நிறம் தெரிகிறது. றெபேக்கா, கழற்றவேண்டாம், தன்ரை அறையில் இருக்கட்டும் என்று கெஞ்சினாள். தன்ரை அறை. அவள் கவனிக்கவில்லை, சொல்லிவிட்டாள். கழற்றினேன்.

26.2.2003, புதன்

பாட்ஸ்பியோர்ட். இரண்டு பிளேன் மாறி வந்து சேர்ந்தேன். இரண்டாவது, கார் மாதிரி ஒரு பிளேன், காற்றுக்கு ஆடி ஆடி இறங்கியது. வெள்ளை மலை, கறுப்புக் கடல், மீன் நாற்றம். அந்த நாற்றம் மூக்கில் பட்டதும் பிளேன் படியிலேயே நின்றுவிட்டேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கொம்பனி வீடு. ஜெயரத்தினமும், சோதிலிங்கம் என்று இன்னொரு பெடியனும் இருக்கிறார்கள். பெடியன் என்ன, நாற்பது வயதாகிறது. சோதிலிங்கத்தின் முன்னறையை எனக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் பின்னறையில் அடுக்குக் கட்டிலில் படுக்கிறார்கள். வேண்டாம் என்றேன். "பேசாமல் படுங்கோ அம்மா" என்றான் ஜெயரத்தினம்.

வீட்டுக்குள் வெக்கை. திருகி உடைந்து கிடக்கிறது, குறைக்கவே முடியாது. முதல்நாள் எழும்பிப் போய் ஹீற்றருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், பழக்கத்தில். பிறகு வந்து இருந்துவிட்டேன்.

கொன்ஸ்ரன்ரைன் ரெலிபோன் எடுத்தான். சுகமோ என்றான். சுகம் என்றேன். "அம்மா, நான்…" என்றான். "வை, காசு போகுது" என்றேன்.

வைத்த பிறகு கனநேரம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என்ன சொல்ல வந்தான்? ஏன் விடவில்லை நான்?

2.3.2003

மேசை வந்துவிட்டதாம். நீலம் என்று ரெலிபோனில் சொன்னாள் றெபேக்கா. அறையில் தனியாகப் படுக்கப் பயமாம், விளக்கை எரியவிட்டுப் படுக்கிறாளாம். இன்றைக்கு ஒன்றும் எழுத முடியாது.

8.3.2003, சனி

புதன்கிழமை விபூதிப் புதன். இங்கே சுவாமியார் இல்லை, நெற்றிக்குச் சாம்பலும் இல்லை. மூன்று பேரும் இருந்து செபம் சொன்னோம். சோதிலிங்கம் சைவக்காரன், ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இன்றைக்கு அவன் தொழிற்சாலையிலிருந்து கொட் மீன் தலை இரண்டு கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் பிள்ளைத்தலை அளவு. வெள்ளைக்காரர் இதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்களாம். புளி கரைத்து, வெந்தயம் போட்டு, உறைப்பாகக் காய்ச்சினேன். இரண்டு பேரும் வாய் பேசாமல் எலும்பைச் சூப்பினார்கள். முற்றத்துப் பூனைக்கும் மிச்சம் வைக்கவில்லை.

நான் சட்டியைச் சுரண்டிக்கொண்டு நிற்கும்போது சோதிலிங்கம் பின்னால் வந்து கேட்டான்:

"அம்மா, இஞ்சை எவ்வளவு காலம் நிப்பியள்?"

என் கை நின்றுவிட்டது. வந்து இரண்டு கிழமைதான் ஆகிறது. அடுக்குக் கட்டில் முதுகுக்கு ஒத்துவரவில்லையாக்கும். முன்னறை அவனுடையதுதானே. திரும்பாமலே, "ஏன் தம்பி?" என்றேன்.

"இல்லை, ஃபோர்மனிட்டை மீன் தலைக்குச் சொல்லி வைக்கவேணும். இந்தக் கிழமைக்கு மட்டுமோ, சீசன் முழுக்கவோ எண்டு கேக்கிறான்."

"சீசன் எப்ப முடியும்?"

"சித்திரையிலை."

"முடிஞ்சால்?"

"முடிஞ்சால் என்னம்மா, பிறகு வேறை மீன் வரும்."

சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். கையைத் துடைத்தேன்.

"முழுக்க எண்டு சொல்லு" என்றேன்.